முள்சீத்தாவும் முதுமையும்

மூட்டுவலி, தூக்கமின்மை, சர்க்கரை, இரத்த அழுத்தம், புற்றுநோய் என முதுமையின் தொல்லைகள் அனைத்துக்கும் ஒரே மருந்து என்ற பேச்சுடன் தமிழ்நாட்டின் இயற்கை அங்காடிகளிலும் கைபேசிச் செய்திகளிலும் இடம்பிடித்திருக்கும் பழங்களுள் முள்சீத்தா ஒன்று. குற்றாலத்தின் சாரல் பருவத்தில் மங்குஸ்தான், ரம்புட்டான் ஆகியவற்றின் அருகே அடுக்கி விற்கப்படும் இக்கனியைக் குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுக் கொல்லையிலேயே பறித்து உண்பவர்கள் உண்டு; ஆயினும் தமிழகத்தின் பெரும்பகுதியில் இது இன்னும் பெயரளவில் மட்டுமே அறிமுகமான பழம். பழத்தோடு நின்றுவிடாமல், இதன் இலையைக் காயவைத்துத் தேநீர்ப் பொட்டலமாகவும் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கும் வணிகம் வளர்ந்துவிட்டதால், வயதானவர்கள் இதை உண்ணலாமா, எவ்வளவு உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்ற கேள்விகள் பல வீடுகளில் எழுகின்றன. அவற்றுக்கான விடையில் ஒரு பகுதி ஊட்டச்சத்து அட்டவணையில் இருக்கிறது. மற்றொரு பகுதி, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழும் ஒரு கரீபியத் தீவில் இருக்கிறது.

தாவரவியலார் அன்னோனா முரிக்காட்டா என்று குறிக்கும் இம்மரம், தமிழர்களுக்கு நன்கு பழகிய சீத்தா, ராம்சீத்தா ஆகியவற்றின் நெருங்கிய உறவு. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதியே இதன் தாயகம். மேற்கிந்தியத் தீவுகளில் இது ஏராளமாக விளைவதை ஒவியேதோ என்னும் ஸ்பானிய வரலாற்றாசிரியர் 1526லேயே பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்காவிலிருந்து ஆசிய, ஆப்பிரிக்க வெப்பநாடுகளுக்குத் தொடக்கத்திலேயே கொண்டுவந்த பழமரங்களுள் இதுவும் அடங்கும் என்பதால், முள்சீத்தாவின் மருத்துவக் குணத்தைப் பழஞ்சித்தர்களே பாடிவைத்தார்கள் என்று பொட்டலங்களில் அச்சிடப்படும் வாசகங்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மரம் பெரிதாக வளர்வதில்லை. பூவும் காயும் இளங்கிளைகளில் மட்டுமன்றி, பலாவைப் போல முதிர்ந்த கிளைகளிலும் அடிமரத்திலும் நேரடியாகத் தோன்றும். பூவின் சூலகம் முதலில் முதிர்ந்து, மகரந்தம் அதன் பின்னரே வெளிப்படுவதால், ஒரு பூ தன் மகரந்தத்தால் தானே கருவுறுவது அரிது. வண்டினங்கள் செய்யும் மகரந்தச் சேர்க்கை முழுமையாக நடக்காத இடங்களில் காய் ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சூம்பியும் கோணலாக வளர்கிறது. கடையில் காணப்படும் கோணல் காய்கள் நோயுற்றவை அல்ல, சரியாகக் கருவுறாதவை மட்டுமே. நன்கு வளர்ந்த பழம் ஒரு அடி நீளம்வரை இருக்கும். எடை பல கிலோவைத் தொடுவதும் உண்டு. கரும்பச்சைத் தோல் சற்று மஞ்சள் கலந்த இளம்பச்சையாக மாறும்போது பறித்தால், நான்கைந்து நாட்களில் விரலால் அழுத்தினால் குழியும் அளவுக்குக் கனிந்துவிடும். மேலே உள்ள முட்கள் பெயருக்குத்தான் முட்கள், கையைக் குத்துவதில்லை. உள்ளே பஞ்சு போன்ற வெண்சதையும், அன்னாசியை நினைவூட்டும் மணமும், இனிப்பும் புளிப்பும் கலந்த சுவையும், சதைக்குள் புதைந்த கறுப்பு விதைகளும் இருக்கும். பெரிய பழமொன்றில் விதைகள் நூற்றைத் தாண்டுவது வழக்கம்.

உணவு என்ற அளவில் இப்பழம் தருவது என்ன என்பதை முதலில் பார்க்கலாம். 100 கிராம் சதையில் ஏறத்தாழ 81 கிராம் நீர், 66 கிலோகலோரி ஆற்றல், 17 கிராம் மாவுச்சத்து, அதில் 13 கிராமுக்குச் சற்று மேல் சர்க்கரை, 3 கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து, 20 மில்லிகிராம் வைட்டமின் சி, 278 மில்லிகிராம் பொட்டாசியம் ஆகியவை இருக்கின்றன. புரதம் ஒரு கிராம் மட்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வைட்டமின் சி தேவை என்பதோடு ஒப்பிட்டால், இக்கனி அத்தேவையின் கால்பங்கையோ அதைவிடச் சற்று அதிகமாகவோதான் தருகிறது. அதே 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு, நார்ச்சத்தும் கூடுதல். பப்பாளியில்கூட 60 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. தள்ளுவண்டியில் கிடைக்கும் கொய்யாவை ஒதுக்கிவிட்டு, சத்துக்காக மட்டும் முள்சீத்தாவைத் தேடி அலைவதற்கு அட்டவணையில் எந்த நியாயமும் இல்லை.

ஆனால் முதுமையில் உணவைத் தேர்வு செய்வது அட்டவணையை மட்டும் வைத்து நடப்பதில்லை. பல் போனவர்களுக்கும், செயற்கைப் பல்செட்டு சரியாகப் பொருந்தாதவர்களுக்கும் கொய்யாவின் விதை பெருந்தொல்லை. ஆப்பிளைக் கடிக்க முடியாது. மாதுளையை மென்று விழுங்குவது கடினம். விதை நீக்கிய முள்சீத்தாச் சதையோ நாக்காலேயே நசுங்கும். நாக்கில் சுவை உணர்வு மங்கி, பசி குறைந்து, எந்த உணவையும் வேண்டா வெறுப்பாக ஒதுக்கும் வயதினருக்கு இதன் புளிப்பும் மணமும் உணவின் மீது சிறு விருப்பத்தையாவது உண்டாக்கக்கூடும். வயது ஏறும்போது தாக உணர்வு குறைவதால் போதிய நீர் அருந்தாமல் மலச்சிக்கலுக்கு ஆளாகும் முதியோர் பலர். நீரும் நாரும் சேர்ந்த மென்பழம் அவர்களுக்கு உதவுவதே. இவை அனைத்தும் ஒரு நல்ல பழத்துக்குரிய இயல்பான நன்மைகள், இவற்றுக்காகப் பருவத்தில் இதை விரும்பி உண்பதில் தவறில்லை.

பழத்தை எப்படி உண்கிறோம் என்பதில் இந்த நன்மைகள் கூடவோ குறையவோ செய்யும். ஒரு கோப்பை நிறைய, அதாவது சுமார் 225 கிராம் சதையை அரைத்துக் குடித்தால் உடலில் சேரும் சர்க்கரை ஏறத்தாழ 30 கிராம். அதனுடன் சர்க்கரையும் கெட்டிப்பாலும் கலந்தால் நீரிழிவு உள்ளவருக்கு அது விருந்தாக இருக்கலாம், உணவாக இருக்காது. வடிகட்டிவிட்டால் நாரும் போய்விடும். அதே கோப்பையில் 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகச் செயல்திறன் குறைந்தவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும் இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். அறிமுகமில்லாததாயினும் பழம் என்றாலே தீங்கற்றது என்ற எண்ணம் முதுமையில் ஆபத்தானது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் நட்சத்திரப் பழத்தைச் சிறிதளவு உண்டாலும் தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு, நினைவிழப்பு, சில வேளைகளில் மரணம்வரை போனதை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன.

பத்தாயிரம் மடங்கு என்ற கதை

முள்சீத்தாவின் புகழுக்கு அதன் சுவையோ சத்தோ காரணமல்ல. கீமோதெரபி என்னும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையைவிட இப்பழம் பத்தாயிரம் மடங்கு வலிமையானது என்ற ஒற்றை வாக்கியம்தான், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மின்னஞ்சலிலும் பின்னர் வாட்ஸ்அப்பிலும் சுற்றி, இதை உலகெங்கும் விற்பனைப் பொருளாக்கியது. அவ்வெண்ணுக்கு ஒரு மூலம் இருக்கத்தான் செய்கிறது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி மெக்லாஃப்லின் தலைமையிலான குழு 1990களில் இவ்வினத் தாவரங்களை ஆராய்ந்து, 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்றில், முள்சீத்தாவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருள், ஆய்வகக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்கப்பட்ட ஒரு வகைப் பெருங்குடல் புற்றணுக்களை அழிப்பதில் அட்ரியாமைசின் என்ற கீமோதெரபி மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு ஆற்றல் காட்டியதாகக் குறிப்பிட்டது. அந்த வேதிப்பொருள் எடுக்கப்பட்டது விதையிலிருந்து, பழத்திலிருந்து அல்ல. சோதிக்கப்பட்டது கலத்தில் வளர்த்த அணுக்களில், நோயாளிகளிடம் அல்ல. கண்ணாடிக் கலத்தில் அணுவைக் கொல்லும் பொருட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, அவற்றுள் மனித உடலில் மருந்தாகத் தேறுபவை மிகச் சில. முள்சீத்தாவின் சதையோ இலையோ மனிதருக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்பதை நிறுவிய மருத்துவப் பரிசோதனை எதுவும் இதுவரை இல்லை. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் போலிப் புற்றுநோய் மருந்து விற்பனையாளர்கள் மீது நடவடிக்கை எடுத்தபோது, முள்சீத்தாச் சாறு புற்றுநோயைத் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க அறிவியல் சான்று இல்லை என்றே முடிவு செய்தது.

இங்கு வாசகர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. புற்றணுவைக் கொன்ற அந்த வேதிப்பொருட்களின் குடும்பத்துக்கு அசிட்டோஜெனின்கள் என்று பெயர்; 1982இல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இவை சீத்தாக் குடும்பத் தாவரங்களில் மட்டுமே காணப்படுகின்றன. ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலை அணு பயன்படுத்தத்தக்க வடிவத்துக்கு மாற்றுவது அவற்றின் வேலை. அந்த வேலைத்தொடரின் முதல் கட்டத்தை, விஞ்ஞானிகள் முதலாம் கூட்டமைவு என்று குறிக்கும் புரதத் தொகுதியை, அசிட்டோஜெனின்கள் முடக்கிவிடுகின்றன. ஆற்றல் கிடைக்காத அணு மடிகிறது. இப்படிச் செயல்படும் பொருளுக்குப் புற்றணு எது, நல்ல அணு எது என்ற தெளிவான பாகுபாடு கிடையாது. மூளையின் நரம்பணுவும் அதன் முன் ஓர் அணுவே.

குவாதலூப்பில் கண்டது

கரீபியக் கடலில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு குவாதலூப். அடிமை முறை ஒழிந்த பின் அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய 1854 முதல் 1889 வரை இந்தியாவிலிருந்து 42,000க்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர், அவர்களின் வழிவந்தவர்கள் மாரியம்மன் வழிபாட்டை இன்றளவும் அங்கே தொடர்கிறார்கள். அத்தீவில் பிரெஞ்சு மொழியில் கொரொசோல் எனப்படும் முள்சீத்தா அன்றாட உணவு. பழமாக உண்பார்கள், சாறாகக் குடிப்பார்கள், இரவில் நல்ல தூக்கம் வருவதற்காக இலையைக் கொதிக்கவைத்து அருந்துவார்கள்.

அங்கு நரம்பியல் மருத்துவராகப் பணியாற்றிய டொமினிக் கப்பரோஸ்-லெஃபேவ்ர், தம்மிடம் வரும் நடுக்கவாத நோயாளிகள் பாடநூல்களில் விவரிக்கப்படும் நோயாளிகளைப் போல் இல்லை என்பதைக் கவனித்தார். பொதுவாக அறியப்படும் பார்க்கின்சன் நோயில், உடலசைவை ஒழுங்குபடுத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளை நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன; கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை சுருங்கும்; டோபமினை ஈடுசெய்யும் லெவோடோபா மருந்தால் நோயாளி பல ஆண்டுகள் ஓரளவு நலமாக இருப்பார். பார்க்கின்சன் அறிகுறிகளுடன் தொடங்கினாலும் அம்மருந்துக்குக் கட்டுப்படாமல், மறதியும் தடுமாற்றமும் விரைவில் சேர்ந்துகொள்ளும் நோய்கள் வேறு உண்டு. 1964இல் கனடாவின் மூன்று மருத்துவர்கள் விவரித்த பி.எஸ்.பி. என்ற நோய் அவற்றுள் ஒன்று: நோயாளியால் கண்களை மேலும் கீழும் திருப்ப முடியாது, தொடக்கக் கட்டத்திலேயே நிலைதடுமாறிப் பின்புறமாக விழுவார். ஐரோப்பாவில் இத்தகையவை அரிய நோய்கள். பார்க்கின்சன் அறிகுறிகளுடன் வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது வழக்கமான பார்க்கின்சன் நோயே. குவாதலூப்பிலோ கணக்கு தலைகீழாக இருந்தது. கப்பரோஸ்-லெஃபேவ்ரும் அலெக்சிஸ் எல்பாஸும் 1999இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற 87 நோயாளிகளில் வழக்கமான பார்க்கின்சன் நோய் இருந்தவர்கள் 22 பேர் மட்டுமே; 31 பேருக்குப் பி.எஸ்.பி., 30 பேருக்கு எந்த வகையிலும் சேர்க்க முடியாத நடுக்கவாதம். வழக்கத்துக்கு மாறான நோய் கொண்ட இவர்கள், ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட மற்றவர்களைவிட மிக அதிகமாக முள்சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் உட்கொண்டிருந்தார்கள்.

நரம்பியலாருக்கு இது திடுக்கிடும் செய்தியாகப் பட்டதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞர்கள் சிலர் சில நாட்களிலேயே முதிர்ந்த பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். அம்மருந்தில் கலந்திருந்த நச்சு, மைட்டோகாண்ட்ரியாவின் அதே முதல் கட்டத்தை முடக்கி டோபமின் அணுக்களைக் கொன்றது பின்னர் தெரியவந்தது. முள்சீத்தாவில் மிகுதியாக உள்ள அசிட்டோஜெனினான அன்னோனசினும் அதே இடத்தில்தான் கைவைக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை நரம்பணுக்களில் செலுத்திப் பார்த்தபோது டோபமின் அணுக்கள் மடிந்தன. 2004இல் வெளியான ஆய்வில், எலிகளின் இரத்தத்தில் 28 நாட்கள் தொடர்ந்து செலுத்தியபோது மூளையின் அசைவு மையங்களில் அழிவு காணப்பட்டது. அடுத்த ஆண்டு அதே குழுவினர் அளவையும் கணக்கிட்டார்கள்: சராசரிப் பழம் ஒன்றில் சுமார் 15 மில்லிகிராம் அன்னோனசின், கடையில் விற்கும் சாறு ஒரு டின்னில் 36 மில்லிகிராம், ஒரு கோப்பை இலைத் தேநீரில் 0.14 மில்லிகிராம். நாள்தோறும் ஒரு பழமோ ஒரு டின் சாறோ உட்கொள்பவர், எலிகளின் மூளையில் பாதிப்பு உண்டாக்கிய அளவுக்கு ஈடான அன்னோனசினை ஓராண்டில் உட்கொண்டுவிடுகிறார் என்பது அவர்களின் மதிப்பீடு. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வில் எலிகளுக்குச் சாற்றை வாய்வழியே நெடுநாள் கொடுத்தபோது, பி.எஸ்.பி., அல்சைமர் ஆகிய நோய்களில் பிறழ்வடையும் டௌ என்ற மூளைப் புரதத்தில் அதே போக்கிலான மாற்றங்கள் தெரிந்தன.

எதிர்த்தரப்பையும் சொல்லியாக வேண்டும். இரத்தத்தில் ஏற்றப்படும் நச்சும், வயிற்றில் செரித்துக் கல்லீரலைக் கடந்து வரும் நச்சும் ஒன்றல்ல. முள்சீத்தா விளையும் நாடுகள் அனைத்திலும் குவாதலூப் அளவுக்கு இந்நோய் பெருகியதாகத் தெரியவில்லை. பிரான்சின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2010இல் சான்றுகளை ஆராய்ந்து, தீவில் காணப்பட்ட நோய்க்கு இப்பழமே காரணம் என்று இருக்கும் ஆதாரங்களைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் உறுதிசெய்ய இயலாது என்பது குற்றமற்றது என்ற தீர்ப்பு ஆகாது. அதன் பின்னரும் ஆய்வு நிற்கவில்லை. கரீபிய நோயாளிகளிடம் நடத்தி 2022இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஏற்கெனவே நடுக்கவாதம் உள்ளவர்களில் சீத்தா இனப் பழங்களையும் இலைத் தேநீரையும் உட்கொண்டவர்களுக்கு நோயின் கடுமையும் அறிவுத்திறன் குறைபாடும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. தமிழக வாசகருக்கு இக்கடைசிச் செய்தியே மிக முக்கியமானது, ஏனெனில் இலைத் தேநீரை நாடுபவர்களில் பலர் ஏதேனும் ஒரு நோய்க்குத் தீர்வு தேடும் முதியவர்கள்.

இந்தியாவுக்கு இது முற்றிலும் புதிய அனுபவமும் அல்ல. வறட்சிக் காலங்களில் மத்திய இந்தியாவின் ஏழைகள் கேசரிப் பருப்பையே மாதக்கணக்கில் முக்கிய உணவாக உண்டு கால்கள் முடங்கியது நன்கு அறியப்பட்டது. அதே பருப்பை மற்ற உணவுகளோடு எப்போதாவது உண்டவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. உணவில் உள்ள நச்சு, அளவாலும் வழக்கத்தாலும்தான் நோயாகிறது. பருவத்தில் கிடைக்கும்போது குடும்பமாகப் பகிர்ந்து உண்ணும் பழத்துக்கும், வருடம் முழுவதும் காலையும் மாலையும் மருந்தென்று நம்பி உட்கொள்ளும் இலைப்பொடிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. வணிகம் முதலாவதைப் பற்றிப் பேசி இரண்டாவதை விற்கிறது.

இலைத் தேநீரில் அன்னோனசின் குறைவுதானே என்று சிலர் வாதிடலாம். இலையில் அதைத் தவிர நரம்பைப் பாதிக்கவல்ல ஆல்கலாய்டுகள் என்னும் வேறு வேதிப்பொருட்களும் உண்டு; தூக்கம் வருகிறது என்று சொல்லப்படுவதற்கும் அவையே காரணமாக இருக்கலாம். மேலும், இலைச்சாறு விலங்குகளில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைப்பதாகச் சோதனைகள் காட்டுகின்றன. இது நல்ல செய்தி போலத் தோன்றினும், அவ்விரண்டுக்கும் ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்ளும் எழுபது வயதுக்காரருக்கு அழுத்தமோ சர்க்கரையோ தேவைக்கு மீறி இறங்கினால், விடியலில் கழிப்பறைக்கு எழும்போது தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடியக்கூடும். மருத்துவர் எழுதிய மாத்திரையின் அளவு தெரியும். பொட்டலத்துக்குள் எந்த இலை, எந்த வயதுடையது, எத்தனை மடங்கு செறிவாக்கப்பட்டது என்பது விற்பவருக்கே தெரிவதில்லை.

விதையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அசிட்டோஜெனின்கள் மிகச் செறிந்திருப்பது அங்கேதான். நம் ஊர்களில் சீத்தாப்பழ விதையை அரைத்துப் பேனுக்குத் தேய்ப்பது பழைய வழக்கம். அப்பொடி கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகிக் கண் மருத்துவரிடம் ஓடியவர்கள் பலர். முள்சீத்தா விதையும் அதே குடும்பத்தது. சாறு எடுக்கும்போது நேரும் தவறும் இங்கேதான்: சதையை விதையோடு மிக்ஸியில் போட்டு ஓட்டினால் கத்தி விதையை உடைத்து, அதன் நச்சு சாற்றில் கலந்துவிடும், வடிகட்டினாலும் போகாது. பழத்தை இரண்டாகப் பிளந்து, நடுவிலுள்ள தண்டை உருவி எறிந்துவிட்டு, சதையைச் சுளைசுளையாகப் பிய்த்து, ஒவ்வொரு சுளையையும் விரலால் அழுத்தி விதையை வெளியே தள்ளிய பின்னரே அரைக்கவோ உண்ணவோ வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ள முதியோருக்கு வழுக்கும் விதை தொண்டையில் சிக்கும் அபாயமும் இருப்பதால், இந்த வேலையை வீட்டில் கண்பார்வை நன்றாக உள்ள ஒருவர் செய்து கொடுப்பது நல்லது.

ஆகவே உடல்நலத்தோடு இருக்கும் முதியவர், பருவத்தில் நன்கு கனிந்த முள்சீத்தாவின் சில சுளைகளை எப்போதாவது சுவைத்து உண்பதை அஞ்ச வேண்டியதில்லை. அன்றாடப் பழத்தேவைக்கு வாழை, பப்பாளி, கொய்யா, நெல்லி போன்ற பழகிய கனிகள் போதும். நடுக்கம், நடைத்தளர்ச்சி, அடிக்கடி விழுதல், மறதி ஆகியவற்றுள் எது இருப்பவரும், குடும்பத்தில் பார்க்கின்சன் நோய் உள்ளவரும் பழத்தையும் சேர்த்தே தவிர்ப்பது பாதுகாப்பானது. இலைத் தேநீர், பொடி, மாத்திரை ஆகியவை எந்த முதியவருக்கும் தேவையில்லை. வீட்டில் பெரியவர் யாரேனும் முள்சீத்தா என்றோ அதன் மறுபெயரான கிராவியோலா என்றோ எழுதிய பொட்டலத்தை நாள்தோறும் பயன்படுத்தி வந்தால், அதை நிறுத்திவிட்டு, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது மாத்திரைச் சீட்டுடன் அந்தப் பொட்டலத்தையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். எத்தனை மாதங்களாக உட்கொண்டார் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.